ஸ்பீக்கர் முதலில், வாட் பிறகு

கிட்டார் ஆம்ப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "இது எத்தனை வாட்?" என்பதுதான். ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட் வாங்கும்போதும் அதே கேள்வி. ஆம்ப் 50 வாட் என்றால் கேபினெட்டும் 50 வாட், 100 என்றால் 100. இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் பொருத்தம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். வாட்டைச் சத்தத்தின் அளவாக எண்ணும் இந்தப் பழக்கம் நமக்குக் கிட்டாரால் வந்ததல்ல. கையில் தூக்கிப்போகிற டேப் ரிக்கார்டரின் மேல் 'பிஎம்பிஓ' என்று போட்டு ஆயிரக்கணக்கான வாட்டை அச்சடித்து விற்றார்களே, அந்தக் காலத்தின் மிச்சம் இது. கிட்டார் ஆம்பில் எழுதியிருக்கும் வாட் அந்த மாதிரிப் பொய் இல்லை. ஆனால் அது சொல்லும் சேதி வேறு. ஆம்பின் வாட், அது எவ்வளவு மின்திறனை வெளியே தள்ளும் என்பதைச் சொல்கிறது. ஸ்பீக்கரின் வாட், எவ்வளவு மின்திறனைக் கருகாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு சத்தம் வரும் என்பதை இந்த இரண்டுமே சொல்வதில்லை. அதைச் சொல்வது மூன்றாவது எண்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கும் என்ற சென்சிட்டிவிட்டி. பெட்டியின் மேல் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆம்பின் வாட்டை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். ஸ்பீக்கரின் வாட் பாதுகாப்புக்காகக் கடைசியில் சரிபார்க்கும் கணக்கு, அவ்வளவுதான்.

டெசிபெல் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது, ஆனால் கடினமானதல்ல. மின்திறனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும். நம் காதுக்கோ, சுமார் 10 டெசிபெல் கூடினால்தான் 'சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது' என்று தோன்றும். அப்படியானால் 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கியவருக்குக் கிடைப்பது 3 டெசிபெல். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரியும், அவ்வளவே. அந்த 50 வாட்டின் சத்தத்தை இரட்டிக்க அவர் 500 வாட்டுக்குப் போக வேண்டும். இப்போது ஸ்பீக்கர் பக்கம் வாருங்கள். செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர்களையே எடுத்துக்கொள்வோம். ராக் கிட்டார் கேபினெட்டுகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பவை அவைதான். ஜி12டி-75 என்பது 75 வாட் தாங்கும், சென்சிட்டிவிட்டி 97 டெசிபெல். கிரீன்பேக் என்று எல்லோரும் சொல்லும் ஜி12எம், 25 வாட், 98 டெசிபெல். விண்டேஜ் 30 தாங்குவது 60 வாட், சென்சிட்டிவிட்டி 100 டெசிபெல். நீல வண்ணம் பூசிய அல்நிகோ புளூ 15 வாட்டுக்கு மேல் தாங்காது, ஆனால் அதற்கும் 100 டெசிபெல். ஐந்தில் ஒரு பங்கு வாட் போட்ட புளூ, அதே ஒரு வாட்டை வாங்கிக்கொண்டு 75 வாட் ஸ்பீக்கரைவிட 3 டெசிபெல் கூடுதலாகப் பாடுகிறது. ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கிக் கிடைக்கிற லாபம் எதுவோ, அதே லாபம் ஸ்பீக்கரை மாற்றினாலே கிடைத்துவிடுகிறது. செலவு எதில் குறைவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பீக்கருக்கு ஏன் வாட் எண் போடுகிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்கும். 100 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், தனக்கு வரும் மின்திறனில் ஏறக்குறைய 6 சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. 97 டெசிபெல் ஸ்பீக்கருக்கு அது 3 சதவீதம். மீதி முழுவதும் சூடு. கூம்புக்குப் பின்னால், காந்தத்தின் இடுக்கில் ஆடிக்கொண்டிருக்கும் வாய்ஸ் காயிலில்தான் அந்தச் சூடு இறங்குகிறது. ஸ்பீக்கரின் மேல் எழுதிய வாட், அந்தச் செம்புக் கம்பியும் அதை ஒட்டியிருக்கும் பசையும் சுற்றியிருக்கும் உருளையும் எவ்வளவு சூட்டைப் பொறுக்கும் என்பதன் கணக்கு. அடுப்பின் தீ ஆம்பின் வாட் என்றால், பாத்திரத்தின் அடி எவ்வளவு கனம் என்பது ஸ்பீக்கரின் வாட். சமையலின் ருசி இரண்டிலும் இல்லை.

உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. 'மார்ஷல் 100 வாட் அடுக்கின் முன்னால் நின்றால் சட்டை படபடக்கிறதே, அது வாட்டால் இல்லையா?' என்பார்கள். அந்த அடுக்கின் கதையே இந்த வாதத்துக்குச் சாட்சி. 1960-களின் நடுவில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், ஆம்ப் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷலிடம் இன்னும் சத்தமான கருவி வேண்டுமென்று கேட்டார். அப்போதெல்லாம் கிட்டார் ஆம்புக்கு மைக் வைத்து அரங்கத்தின் ஸ்பீக்கர்களில் விடும் வழக்கம் இல்லை; மேடையில் இருக்கும் பெட்டியே அரங்கத்தை நிரப்ப வேண்டும். 100 வாட் ஆம்ப் வந்தது. கூடவே எட்டு 12 அங்குல ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடைத்த ராட்சசக் கேபினெட்டும் வந்தது. தூக்குகிறவர்கள் முதுகு ஒடிந்து முறையிட, அதை இரண்டு பெட்டிகளாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்கள், அதுதான் 'ஸ்டாக்'. அதில் 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனதால் கிடைத்தது 3 டெசிபெல். ஸ்பீக்கரின் எண்ணிக்கையால் கிடைத்தது அதைவிட அதிகம். ஒரே மாதிரி ஸ்பீக்கர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றாக அசையும்போது, மொத்த வாட் மாறாமலேயே, தாழ்ந்த சுரங்களில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 3 டெசிபெல் வரை கூடும். ஒன்று நான்கானால் 6, எட்டானால் 9. அதுபோக, உயர்ந்த சுரங்கள் நாலா பக்கமும் சிதறாமல் நேரே முன்னால் குவியும். எதிரே நிற்பவர் தப்ப முடியாது. சட்டையைப் படபடக்க வைத்ததில் பெரும்பங்கு ஸ்பீக்கர்களுடையது.

சரி, தாங்கும் கணக்குக்கு வருவோம். ஆம்பில் 50 வாட் என்று எழுதியிருந்தால், அதிகம் சிதையாத சுத்தமான ஒலியில் அது கொடுப்பது 50 வாட் என்று பொருள். கிட்டார் வாசிப்பவர்களோ ஒலியைச் சிதைப்பதற்காகவே ட்யூப் ஆம்பை முறுக்குகிறார்கள். அப்போது அலையின் உச்சி தட்டையாகி, மெல்ல மெல்லச் சதுர அலையை நெருங்குகிறது. உச்சி உயரம் ஒன்றாகவே இருந்தாலும், முழுச் சதுர அலையில் இருக்கும் மின்திறன் சைன் அலையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. நிஜமான ஆம்பில் மின்வழங்கி தளர்ந்துவிடுவதால் முழு இரட்டிப்புக்குப் போவதில்லை. இருந்தாலும் 50 வாட் ஆம்ப் 70, 80 வாட்டைத் தள்ளுவது சாதாரணம். ஆகவே முழு வால்யூமில் வாசிக்கும் எண்ணம் இருந்தால், கேபினெட்டின் மொத்த வாட் ஆம்பின் வாட்டைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஒரே ஸ்பீக்கர் உள்ள பெட்டி என்றால் இரண்டு மடங்கு. 'வாக்ஸ் ஏசி30-இல் 15 வாட் புளூ இரண்டு போட்டு 30-க்கு 30 என்று விற்றார்களே?' என்று கேட்கலாம். விற்றார்கள். இன்றும் அந்த ஆம்பை உச்சத்தில் ஓட்டுகிறவர்கள் புளூவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டேதான் ஓட்டுகிறார்கள். ஆரம்ப கால மார்ஷல் ஸ்டாக்கின் கேபினெட்டுகளில் இருந்தவை 20 வாட் ஸ்பீக்கர்கள். நான்கு சேர்ந்தால் 80. 100 வாட் ஆம்புக்கு ஒரு கேபினெட் போதாது, இரண்டு வைத்தால் 160. ஸ்டாக்கின் கணக்கு தோற்றத்துக்காக மட்டும் போட்ட கணக்கு அல்ல.

இங்கே இன்னொரு மறுப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. 'நான் வால்யூமை 2-க்கு மேல் வைப்பதே இல்லை. 100 வாட் ஆம்பில் 25 வாட் ஸ்பீக்கர் ஒன்று போட்டால் என்ன கெட்டுவிடும்?' ஒன்றும் கெடாது, சத்தம் உண்மையிலேயே அடக்கமாக இருக்கும்வரை. ஸ்பீக்கரைச் சுடுவது ஆம்பின் பெயர்ப்பலகை அல்ல, அந்த நேரத்தில் பாயும் மின்திறன்தான். வீட்டில் வாசிக்கும்போது அது ஒரு வாட்டைக்கூடத் தொடாது. ஆனால் குமிழின் எண்ணை நம்ப வேண்டாம். 2 என்பது பத்தில் இரண்டு பங்கு மின்திறன் என்று பொருளல்ல. குமிழின் ஏற்றம் ஒவ்வொரு ஆம்பிலும் ஒரு விதம். ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாரும் முன்னால் ஒரு பூஸ்ட் பெடலும் சேர்ந்துவிட்டால் பல ஆம்புகள் 4-லேயே முழு மூச்சில் ஓடும். அதற்கு மேல் திருகினால் சத்தம் கூடாது, சிதைவுதான் கூடும். தேவாலய மேடையிலோ கல்லூரி விழாவிலோ உங்கள் ஆம்பில் அடுத்து யார் வந்து கேபிளைச் சொருகுவார் என்பதும் உங்கள் கையில் இல்லை. தனியறையில் தனியாக வாசிக்கிறவருக்கு இந்தப் பொருத்தம் சரி. ஆம்ப் வீட்டைவிட்டு வெளியே போகுமென்றால் சரியில்லை.

இதற்கு நேரெதிரான பயமும் உலவுகிறது: 'சின்ன ஆம்பைப் பெரிய கேபினெட்டில் போட்டால், ஆம்ப் திணறிச் சிதைந்து ஸ்பீக்கரை எரித்துவிடும்.' இது வீட்டு ஸ்டீரியோ உலகத்திலிருந்து வந்த எச்சரிக்கை. அங்கே பெட்டியில் ட்வீட்டர் இருக்கிறது. ஆம்ப் சிதையும்போது உண்டாகும் உயர் அதிர்வெண்கள் அந்தச் சிறு காயிலைச் சுட்டுவிடும். கிட்டார் கேபினெட்டில் ட்வீட்டர் கிடையாது. சிதைவு அங்கே விபத்து அல்ல, வேலையே அதுதான். நான்கு ஜி12டி-75 பூட்டிய 300 வாட் கேபினெட்டில் 15 வாட் ஆம்பை ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் ஸ்பீக்கர் சூடேறக்கூட வாய்ப்பில்லை. அதில் யோசிக்க வேண்டியது குரலைப் பற்றி மட்டுமே. 25 வாட் ஸ்பீக்கர் தன் எல்லைக்கு அருகில் போகும்போது கூம்பே கொஞ்சம் கரகரத்து ஆம்பின் சிதைவோடு சேர்ந்துகொள்ளும். 75 வாட் ஸ்பீக்கர் அந்த அளவுக்கு இளகுவதில்லை. அந்தக் கரகரப்பு வேண்டுமா வேண்டாமா என்பது ரசனை. பாதுகாப்பு அல்ல.

வீட்டுக்கு என்று 5 வாட் ஆம்ப் வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இதே கணக்கில்தான். 100 டெசிபெல் ஸ்பீக்கரில் 5 வாட் போனால் ஒரு மீட்டரில் 107 டெசிபெல். 50 வாட்டைவிட 10 டெசிபெல் குறைவு, அதாவது காதுக்குப் பாதிச் சத்தம். பத்தில் ஒரு பங்கு அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் 107 டெசிபெல் என்பது செயலாளர் கதவைத் தட்டும் அளவு. காதுக்கும் ஆகாது: அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் என்று எல்லை வைத்து, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது, 100 டெசிபெலுக்கு மிஞ்சுவது 15 நிமிடம். ஆகவே வீட்டில் ஆம்பை முறுக்கி வாசிக்க ஆசைப்படுகிறவர், வாட்டைக் குறைப்பதைவிட சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கரைத் தேடுவது புத்திசாலித்தனம். மேடையில் குறையாகத் தெரிந்த 97 டெசிபெல் இங்கே நிறையாகிவிடும். அதுவும் போதவில்லை என்றால், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கும் அட்டெனுவேட்டர்தான் வழி. 50 வாட் ஆம்பில் 20 டெசிபெல் குறைத்தால் ஸ்பீக்கருக்கு வந்து சேர்வது அரை வாட்.

வாட்டுக்கு மதிப்பே இல்லை என்று இதுவரை படித்ததை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. சிதைவில்லாத தெளிந்த ஒலி வேண்டுகிறவருக்கு வாட் நிச்சயமாக வேண்டும். தந்தியை மீட்டிய கணத்தில் எழும் உச்சம், அதற்குப் பின் நீளும் ஓசையைவிட 10 டெசிபெலுக்கு மேலாகவே எழும்பலாம். அந்த உச்சம் நசுங்காமல் வர ஆம்பில் பத்து மடங்கு மிச்சம் இருக்க வேண்டும். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்பில் 60 வாட்டும் 60 வாட்டுமாக இரண்டு பகுதிகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். தெளிந்த ஒலிக்கு அது இன்றும் பெயர் பெற்றிருப்பதில் அந்த மிச்சத்துக்குப் பங்கு உண்டு. ஜாஸ் வாசிப்பவரும் பாஸ் கிட்டார்காரரும் இந்த அத்தியாயத்தின் முதல் பாதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும்கூட, 97-இலிருந்து 100 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் போவது ஆம்பின் மிச்சத்தை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

வாட்டைத் தவிர ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் பொருந்த வேண்டிய இன்னொரு எண் ஓம், மின்மறுப்பின் அளவு. ஓம் கணக்கில் வாதம் எதுவும் இல்லை, விதி மட்டுமே. ட்யூப் ஆம்பின் பின்பக்கம் எந்த ஓம் போட்டிருக்கிறதோ அதே ஓம் கேபினெட்டைச் சொருகுங்கள். ஸ்பீக்கர் சொருகாமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர் ஆம்புக்குக் குறைந்தபட்ச ஓம் என்று ஒன்று இருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே போனால் ஆபத்தில்லை. 4 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் 8 ஓமில் ஏறக்குறைய 50, 60 வாட் தரும். இழப்பு 3 டெசிபெலுக்குள்தான், அதற்காக 4 ஓம் கேபினெட் தேடி அலைய வேண்டாம். இரண்டு விதமான ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் கலக்கும்போது பலவீனமானதை வைத்தே கணக்குப் போட வேண்டும்: 60 வாட் விண்டேஜ் 30-ஐயும் 25 வாட் கிரீன்பேக்கையும் சம ஓமில் சேர்த்தால் அந்தப் பெட்டி தாங்குவது 85 அல்ல, 50. ஓம் வேறுபட்டால் இன்னும் கோணல்: 8 ஓமையும் 16 ஓமையும் பேரலலில் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு மின்திறனை 8 ஓம் ஸ்பீக்கரே இழுத்துக்கொள்ளும்.

பழைய கேபினெட் வாங்குகிறவர் கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். ஸ்பீக்கர் கேபிளைப் பெட்டியில் சொருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டரின் இரு முனைகளை வையுங்கள். 8 ஓம் பெட்டி 6, 7 என்று காட்டும். 16 ஓம் பெட்டி 12, 13 காட்டும். எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஆனால் 16 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கை இரண்டு இரண்டாகச் சீரிஸில் கோத்து, அந்த ஜோடிகளைப் பேரலலில் சேர்த்த 16 ஓம் பெட்டி 25-ஐக் காட்டினால் விலை பேச வேண்டாம்: ஒரு ஸ்பீக்கரின் காயில் அறுந்து, அதன் ஜோடியும் ஊமையாகி, மீதி இரண்டு மட்டும் எல்லா மின்திறனையும் சுமந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியில் சத்தம் வரத்தான் செய்யும். அதனால்தான் விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கும். முன்பக்க வலையைக் கழற்ற முடிந்தால், கூம்பின் நடுமூடியைச் சுற்றி இரு கைவிரல்களையும் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் சத்தமில்லாமல் போய் வரும். உள்ளே மணல் உரசுவதுபோல் கேட்டால் காயில் சூட்டில் கோணி, காந்தத்தில் இடிக்கிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கருகிய அரக்கு வாடையும் வரலாம்.

முடிவாக எதை வாங்குவது? டிரம்ஸோடு மேடையில் வாசித்தாலும் ஆம்புக்கு மைக் வைக்கும் ஏற்பாடு இருந்தால், 20 வாட் ட்யூப் ஆம்பும் 100 டெசிபெல் கொண்ட 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் போதும். அது 40 வாட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். 60 வாட் விண்டேஜ் 30 அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். மைக் இல்லாத இடம் என்றால் ஆம்பைப் பெரிதாக்கும் முன் ஸ்பீக்கரை இரண்டாக்குங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் 50 வாட். 100 வாட் ட்யூப் ஆம்புக்கு இன்றைய மேடைகளில் வேலை இல்லை. கடையில் வாட்டைக் கேட்டு முடித்ததும், ஸ்பீக்கரின் மாடல் பெயரைப் பெட்டியின் பின்னாலிருந்து குறித்துக்கொண்டு அதன் டெசிபெல் என்னவென்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். ஸ்பீக்கரின் பெயரே தெரியாத கேபினெட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.